ஏழாம் குழியின் சீட்டு

மூன்று நாள் வெயிலில் உலர்த்திக் கட்டிய நாற்பது மூட்டைகளில் ஒன்று மட்டும் மறுபடி நனைந்திருந்தது. பிற்பகல் மழை கிடங்கின் தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தாலும் அந்த மூலையில் ஒழுக்கு கிடையாது. அவள் விரலால் தொட்டு முகர்ந்தாள். மழையின் மணம் இல்லை. வியர்வை. குழியிலிருந்து ஏறி வரும்போது அண்ணனின் சட்டையில் வீசுமே, அந்தப் புளித்த வியர்வை.

எந்தக் குழியின் மண் என்று சீட்டில் எழுதி, மூட்டை வாயில் கம்பியால் முறுக்குவது அவள் வேலை. உள்ளே டான்டலம் என்ற உலோகம் கலந்த கருமணல். ஒரு பிடி அள்ளினாலே ஈயம்போல் கனக்கும். பிரித்தெடுத்ததில் ஒரு பொட்டு எல்லோருடைய கைபேசிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். “உலகமே நம்ம மண்ணைக் காதுல வச்சுப் பேசுது. நம்ம பேச்சுதான் ஒருத்தன் காதுலயும் ஏறல” என்று அண்ணன் சிரிப்பான்.

பதினொரு நாளுக்கு முன் ஏழாம் குழி சரிந்தபோது அவன் உள்ளே இருந்தான். சிக்கியவர்கள் உயிரோடிருந்தால் பாறையில் இருமுறை தட்டுவார்கள். மேலே இருப்பவர் ஒருமுறை தட்டிப் பதில் சொல்லவேண்டும். டக். டக். அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. “கல்லு உக்கார்ற சத்தம்மா” என்றார் மேலாளர். அவள் பதில் தட்டாதபடி இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மண்வாரி இயந்திரம் குழியின் வாயை மூடியது.

காகிதத்தில் இப்போது ஏழாம் குழியே இல்லை. ஒரு சீட்டில் ஏழு என்று இருந்தால் போதும், அதிகாரிகள் வந்து தோண்டியாகவேண்டும். ஏழில் எடுத்த இந்த நாற்பதுக்கும் மூன்று என்று எழுதினால் அண்ணிக்கு வேலை தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். கைக்குழந்தையோடு அண்ணி அழுத முகத்தை நினைத்து முப்பத்தொன்பதை எழுதிவிட்டாள்.

மிஞ்சியது நனைந்த மூட்டை.

டக். டக்.

உள்ளிருந்துதான்.

“என்னம்மா, லாரி நிக்குது. மூணு போட இவ்வளவு நேரமா?” மேலாளர் வாசலில் நின்றார்.

அவள் கடைசிச் சீட்டை எடுத்தாள். அழுத்தி எழுதினாள். “ஏழுங்க.”

“உங்க அண்ணன் ஓடிப்போயிட்டான்னு எத்தனை தடவ சொல்றது?”

“ஓடினவன் எதுக்குங்க தட்டுறான்?”

அவள் முஷ்டியை மடக்கி மூட்டையில் ஒருமுறை தட்டினாள். பதினொரு நாள் பிந்திய பதில்.

நாற்பது மூட்டைகளும் தட்டின.

மேலாளர் காவலாளியை அழைக்கக் கைபேசியைக் காதில் வைத்தார். வைத்தபடியே நின்றார். அதற்குள்ளும் அதே சத்தம். காதிலிருந்து பிடுங்கப் பார்த்தார். வரவில்லை. வாய் திறந்தது. குரல் இல்லை. மறு காதிலிருந்து கருமணல் மெல்லிய கோடாக வெள்ளைச் சட்டையில் இறங்கியது. நிற்காமல் இறங்கியது.

அவள் அருகில் போனாள். ஏழு என்றிருந்த சீட்டை அவர் மணிக்கட்டில் கட்டினாள். கம்பியை முறுக்கினாள். இன்னொரு முறுக்கு.

மூட்டைகள் ஓய்ந்தன. மழையும்.

சுற்றிலும் மூன்று என்றெழுதிய முப்பத்தொன்பது சீட்டுகள். எல்லாம் அவள் கையெழுத்து.

இடுப்பில் செருகியிருந்த அவளுடைய கைபேசி.

டக்.

டக்.

இடுப்புத் துணி நனையத் தொடங்கியது.