நாலாவது மெஷின் ஓடியபோது

"அங்கயே நில்லுங்க!"

சர்வர் அறைக்குள் ஒரு காலை வைத்துவிட்டவன் அப்படியே நின்றான். தலைமுடியிலிருந்து மழை சொட்டியது.

"சர்வர் கம்பெனியிலேருந்து வரேங்க... பூபதி."

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கைக்குட்டையால் ஈரக் கைகளை விரல் விரலாகத் துடைத்தான். பெரிய கண்கள்... திட்டு வாங்கியும் சிரிக்கும் கண்கள். முனிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்திகிரி தாண்டி இருக்கும் அந்த கியர் தொழிற்சாலையில், ஒரே சர்வருக்குள் நான்கு தனிக் கணினிகள்போல ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள். இன்று காலை ஒன்றுகூட எழவில்லை. முந்தாநாள் அப்டேட் போட்டது அவள். நேற்று விடுப்பில் இருந்தாள். மதியம் ஒரு மணிக்குள் ஓடாவிட்டால் பொறுப்பைப் பெங்களூர்க்காரர்களிடம் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சின்னராஜ் சொல்லிவிட்டார். தன் ஊரான பேரிகையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மூன்று வருடமாக அவள் காத்த அறை.

"நான் போட்ட அப்டேட். நானே சரி பண்ணிக்குவேன்."

"பண்ணுங்க. ஈரம் காயற வரைக்கும் ஓரமா நின்னுக்கறேன்..."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

எதைத் தொடுமுன்னும் நோட்டில் குறித்துக்கொண்டாள். "இவ்ளோ பொறுமையா வேலை செய்றவங்கள நான் பாத்ததே இல்லைங்க," என்றான் மெதுவாக. கேலி இல்லை அந்தக் குரலில்.

பன்னிரண்டரை. வேறு வழியின்றி நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அவன் சர்வரை அணைத்துப்போட்டு, அது கண் விழிக்கும்போதே அடிப்படை அமைப்புகளைத் திறந்தான். ஒரு வரியில் விரல் நின்றது. சிரிப்பு அணைந்தது.

அவள் நோட்டில் குனிந்திருந்தாள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"விர்ச்சுவல் மெஷின் ஓடறதுக்கான செட்டிங்... ஆஃப்ல இருக்கு. நேத்து ராத்திரி சர்வர நிறுத்தி, உள்ள இருக்கற சின்ன பேட்டரிய மாத்தினது நான்தான். அப்போ செட்டிங் எல்லாம் அழிஞ்சிருக்கு. திரும்ப ஆன் பண்ண மறந்துட்டேன். உங்க மேல தப்பே இல்லைங்க."

ஒன்று... இரண்டு... மூன்று... நாலாவதும் எழுந்தது.

"ஆயிதாம்மா?" என்று, முடிந்ததா எனக் கன்னடம் கலந்து கேட்டபடி வந்த சின்னராஜிடமும் அதையே சொன்னான்.

"உங்க ஆபீசுக்கு மெயில் போகும் தம்பி."

"போகட்டும் சார்."

தன் தவறை மற்றவர் தலையில் கட்டும் ஆண்களையே பார்த்திருந்தவளுக்கு, அந்த இரண்டு சொல் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நன்றிகூடச் சொல்லவில்லையே... என்ன திமிர் எனக்கு!

ஷிப்ட் முடிந்து குடையோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் போகலயா?"

"அஞ்சு பஸ் போயிடுச்சுங்க... எனக்குத்தான் ஏற மனசில்ல."

மழை. அவன் இமைகளில் துளிகள். குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

"காலையில என் வேலை போயிடுமோன்னு பயந்தேன். ஆனா நாலாவது மெஷின் ஓடினப்ப... சந்தோஷமே வரல."

"ஏங்க?"

"எல்லாம் ஓடிட்டா... நீங்க கெளம்பிடுவீங்கல்ல?"