உப்பாற்றுப் பாலத்தின் பிணையாள்

ஓசூர்க் கண்காணிப்பு அறையில் காபியை ஆற்றிக்கொண்டே செண்பகவல்லி, ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே கடலோரத்தில் நிற்கும் ஒரு பாலத்துக்குக் காய்ச்சல் பார்த்தாள். தூணுக்குத் தூண் இடைப்பட்ட பதினொரு கண்களிலும் பதித்திருந்த நலமானிகள் தூணின் சாய்வு, கம்பியின் இழுவிசை, உப்பு அரித்த அளவு எல்லாவற்றையும் திரையில் கொட்டின. பச்சை. காதுக்கருவியில் கணவனை அழைத்தாள்.

“காபி ஆத்திக்கிட்டிருக்கேன். நீங்க கிளம்பலாங்க.”

“பாலம் எப்படி இருக்கு?”

“உங்கள விட நல்லா இருக்கு.”

“அதுகூட நாள் முழுக்க நீ இருக்க. எங்கூட யாரு இருக்கா?”

கோமதிநாயகம் சட்டப்படி அந்தப் பாலத்தின் பிணையாள். ஒரு காலத்தில் கண்காணிப்பாளர்கள் அபாய மணியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்; பாலங்கள் ஆற்றுக்குள் போயின. கருவியைத் திருத்துவதைவிட மனிதனைத் திருத்துவது மலிவு என்று அரசு கண்டுபிடித்தது. பாலத்தைப் பார்ப்பவரின் சொந்தத்தில் ஒருவர் அதன் கரையிலேயே குடியிருந்து தினமும் அதைக் கடக்க வேண்டும். அதன்பின் யாரும் மணியை அணைக்கவில்லை. கண்காணிப்பாளர்களுக்கு வரன் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பானது. பெண் பார்க்க வந்த அன்றே, “சீதனமா ஒரு பாலம் தாரியளாக்கும்” என்று சிரித்தவன் கோமதிநாயகம்.

சட்டம் எழுதியவர்கள் ஜனத்தை மறந்துவிட்டார்கள். பச்சை விளக்கையோ ஒலிபெருக்கியையோ கரையில் ஒருவரும் நம்பவில்லை, பிணையாளை நம்பினார்கள். மீன் வண்டி, பள்ளி வேன், உப்பள லாரி எல்லாம் அவனுக்காகக் காத்து நின்று, தேருக்குப் பின்னால் போவதுபோல் மொத்தமாக நகர்ந்தன. அவனை யாரும் முந்துவதில்லை. நாள் முழுக்கப் பரவ வேண்டிய பாரம் ஒரே நேரத்தில் ஏறியது. பாலத்தை உப்பைவிட அந்த நம்பிக்கைதான் அதிகம் தின்றது. செண்பகவல்லி மேலிடத்துக்குச் சொல்லிப் பார்த்தாள். மக்கள் நம்பிக்கை கூடியிருப்பது திட்டத்தின் வெற்றி என்று பதில் வந்தது.

இன்று அவன் ஏழாவது கண்ணைத் தாண்டி எட்டாவதில் கால் வைத்ததும் ஏழாவது சிவந்தது. அடியில் ஒரு கம்பிக்கட்டு அறுந்திருந்தது. கரையில் தடுப்பை இறக்கினாள். பிணையாளே பாலத்தில் இருக்கும்போது தடுப்பு என்ன தடுப்பு? ஜனம் குனிந்து நுழைந்து வந்துகொண்டே இருந்தது.

“ஏங்க, நில்லுங்க. ஏழாவது கண்ணு விழப் போவுது.”

“நான் எட்டுல்லா நிக்கேன்.”

“ஆமா.”

அந்த ‘ஆமா’வைப் பிடித்துக்கொண்டே அவன் அக்கரை போய்விடலாம். பின்னால் வருகிறவர்கள் ஏழாவதில் ஏறிக்கொண்டே இருப்பார்கள். திரும்பிப் போங்கள் என்று அவன் கத்துவது கேட்டது. யாரோ ஒரு பெண் பதில் சொன்னாள்: “நீங்க அங்கன நிக்கீங்கள்ளா அண்ணாச்சி. நீங்க வந்தாதான் நாங்க போவோம்.”

“கேட்டியா?” என்றான். “என்ன செய்யட்டும்?”

அவள் பாலத்தைக் கைவிடக் கூடாது என்றுதான் அவனை அங்கே வைத்திருந்தார்கள். காபி ஆறிக் கிடந்தது.

“திரும்பி நடங்க,” என்றாள். “மெதுவா. எல்லாரையும் முன்னால விட்டுட்டு, கடைசியா.”

அவன் ஏழாவது கண்ணின் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்: “ஒரு நாளாச்சும் எனக்கு நல்ல வழி சொல்லிருக்கியாட்டி நீ?”

நடந்தான். அவன் நின்றால் அவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அதனால் நிற்காமல் நடந்தான். ஏழாவது கண்ணின் பாரம் திரையில் இறங்கியது. லாரி பின்வாங்கியது, வேன் பின்வாங்கியது, கூடைக்காரிகள் போனார்கள். கடைசியில் அறுபத்தெட்டு கிலோ மட்டும் மிஞ்சியது. கல்யாணத்துக்குப் பிறகு ஏறிய தொப்பையைச் சொல்லி அவள் கேலி செய்யும் அதே அறுபத்தெட்டு.

“இப்ப வேகமா வாங்க.”

“வாரேன், வாரேன். நீ காபியக் குடி, ஆறி...”

ஏழாவது கண் திரையில் கறுத்தது. அதன் நலமானிகள் ஒவ்வொன்றாக நீருக்கடியில் ஓய்ந்தன. மற்ற பத்துக் கண்களும் பாரம் குறைந்த நிம்மதியில் பச்சையாக மின்னின.

கேமராவில் இக்கரை தெரிந்தது. ஜனம் முழுதாக, ஒருவர் குறையாமல் நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உடைந்த பாலத்தைப் பார்த்தபடி, பிணையாள் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.