வெயில் இறங்காத வீடு

துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்த சாம்பவி அப்படியே நின்றுவிட்டாள். கொடியில் காய்ந்த அம்மாவின் பாக்கு நிறப் புடவை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்...

பக்கத்து மாடியில் பூச்சு தெளிக்கும் குழாயோடு ஒருவன் நின்றிருந்தான். காற்று திரும்பியதைக் கவனிக்கவில்லை என்றான். அவள் விடவில்லை. இறந்துபோன அம்மாவின் புடவையை எந்தக் கடையில் வாங்கித் தருவீர்கள் என்று கேட்டதும் அவன் முகம் வாடியது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து, ஈரத்துணியால் ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தான். குனிந்திருந்த அந்தக் கண்களில் நடிப்பில்லை... அவள் கோபம் பாதியில் நின்றது.

பெயர் கலையரசன், ஊர் கீழ்பென்னாத்தூர். பழைய வீடுகளில் வெயில் இறங்காமல் தடுப்பதுதான் தொழில் என்றான். வெள்ளைப் பூச்சு ஒரு வழி. தளத்தின்மேல் தெர்மோகோல் பலகை வைத்து வெள்ளை ஓடு பதித்தால் இன்னும் நல்லது. அறை சூடேறாது, கரண்டும் கம்மியாகும்.

சாம்பவி காலடித் தளத்தைப் பார்த்தாள். போன சித்திரையில் இதற்கு நேர் கீழே உள்ள அறையில்தான் அம்மா வெக்கை தாங்காமல்...

"போன வருஷமே நீங்க வந்திருக்கக் கூடாதா?"

அவன் ஈரத்துணியைப் பிழிந்து அடுத்த புள்ளியைத் துடைத்தான்.

மாசியில் அவள் வீட்டிலும் வேலை தொடங்கியது. அப்பா சோமநாதன் கோயில் குருக்கள். நூறு வருஷ வீட்டில் கைவைக்கக் கூடாது என்று போன வருஷம் அம்மாவுக்கு ஏசி வைக்கவிடாமல் தடுத்தவர், இப்போது மறுக்கவில்லை. கணக்கு டீச்சரான சாம்பவி பள்ளி விட்டதும் நேராக மாடிக்குத்தான் போனாள்.

"இப்படி முறைச்சா சிமென்ட் எப்படி டீச்சர் காயும்?"

"முறைச்சாதான் சீக்கிரம் காயும்."

அம்மா போனபின் தான் சிரித்தது அன்றுதான் என்பது, கீழே இறங்கிய பிறகே அவளுக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை ஊரை ஒட்டிய மலையே மறைய, பருவம் தப்பிய மழை கொட்டியது. இருவரும் படியில் ஓடி இறங்கிக் கூடத்தில் நின்றார்கள். அவன் இமையில் ஒரு மழைத்துளி... அவள் பார்த்தாள். அவனும் பார்த்தான்... இருவருமே கண்ணை எடுக்கவில்லை.

கோயிலிலிருந்து திரும்பிய அப்பா வாசலில் நின்றார். அவனிடம் அவர் பேசவில்லை.

"வேலைக்கு வர்றவா கூடத்துக்குள்ள வரப்படாது சாம்பவி. நாளைலேருந்து சந்துப் பக்கம் ஏணி போட்டு ஏறிக்கச் சொல்லு."

கலையரசன் அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தைக்காக அந்தக் கண்கள் காத்திருந்தன. அவள் தரையைப் பார்த்தாள். அவன் கொட்டும் மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் சந்தில் ஏணி வந்தது. வேலையில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. முடிந்ததும் சொல்லாமல் போய்விட்டான்.

கத்திரி வெயில் வந்தது. ஊரே கொதித்தது, வீடு மட்டும் குளிர்ந்து கிடந்தது. அம்மா படுத்திருந்த அறையில் அப்பா மதியமெல்லாம் நிம்மதியாகத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு கசந்தது. அதற்குமேல் இருக்க முடியவில்லை. அவன் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் வேலை செய்வதாக விசாரித்து அறிந்து, ஆட்டோ பிடித்தாள்.

ஒரு வீட்டு வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும்," என்றாள்.

"ஆமாங்க." குரலில் கோபமில்லை. அதுதான் அதிகம் வலித்தது. "இப்ப சொல்லி என்ன ஆவப் போவுது? அப்பாவ விட்டுட்டு வந்துடுவீங்களா?"

வருவேன் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம்... சொல்லவில்லை.

"முடியாது. அவருக்கு என்ன விட்டா யாருமில்ல." கண்கள் நிறைந்தன. "ஆனா உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. இதயாவது வாயத் திறந்து சொல்லணும்னுதான் வந்தேன்."

சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அவன் கையில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"எனக்கும்தாங்க," என்றான். "ஜாஸ்தியாவே பிடிச்சிருந்துச்சு... அதனாலதான் சொல்லிக்காமப் போனேன்."