ஈரம் காயாத கேமரா

கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் இருந்த ரப்பர் ஈரமாக இருந்தது.

சாரல் பட்ட ஈரமும் இல்லை, கை வேர்வையும் இல்லை; யாரோ இப்போதுதான் வாயிலிருந்து எடுத்து வைத்ததுபோல வெதுவெதுப்பான ஈரம். அனிஷா கேமராவை முகத்திலிருந்து விலக்கினாள். ரப்பருக்கும் அவள் இமைக்கும் நடுவே, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி மெல்லிய இழை ஒன்று நீண்டு, தொய்ந்து, அறுந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி இது, பிசுபிசுன்னு இருக்கு?"

"மழைக்காலம்லா, ரப்பர் வேர்க்கத்தான் செய்யும்" என்றார் ராஜதுரை. "நல்லா ஒட்டி வச்சுப் பாருங்கம்மா. ஒட்டி வச்சாத்தான் தெளிவாத் தெரியும்."

அனிஷா எதற்கும் லேசில் அருவருப்புப் படுகிறவள் அல்ல. பதினோரு வருடமாக ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சளி, சீழ், மலம் எதுவானாலும் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, கை கழுவி, அதே அறைக்குப் பக்கத்திலேயே மீன்குழம்புச் சோறு சாப்பிடுவாள். அவளுடைய பிழைப்பே வலது கண்ணில்தான் இருந்தது. அப்படிப்பட்டவள் கைக்குட்டையை எடுத்து அந்தக் கன்னத்தை ஒருமுறைக்கு நாலுமுறை துடைத்தாள்.

கணவன் பெவின் ஆகஸ்டில் கப்பலேறியவன். திரும்பி வர மே மாதம் ஆகும். மாப்பிள்ளையூரணி வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். காலையில் வேலைக்குப் போகும் வழியில் உப்பளப் பாத்திகளில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். ஸ்கூட்டரை நிறுத்தி செல்போனில் எடுத்தால் எல்லாம் வெறும் புள்ளிகளாக விழும். அந்த ஏக்கத்தில்தான் கேமரா ஆசை வந்தது. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் டிக்சன், பரிசோதனை நிலையத்துக்கு எதிரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன், "புதுசு வேண்டாம்க்கா, பழகுறவரைக்கும் பழசே போதும்" என்று சொல்லி, வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான்.

பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் ராஜதுரையின் வீடு. சங்கு, சிப்பி வாங்கி விற்கிறவர். கூடவே பழைய கேமராவும் விற்பதாக யாரோ சொல்லித்தான் வந்திருந்தாள். வாசல் ஓரம் முழுக்கச் சாக்குகள். கொல்லைப்பக்கம் எங்கேயோ சங்குக் கறி அழுகிக்கொண்டிருந்தது. கரையில் பிறந்தவளுக்கு அந்த வாடை புதிதல்ல. ஆனால் இந்த வீட்டில் அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. கொஞ்சம் இனிப்பாக, பால் திரிந்த மாதிரி, மூக்கில் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி நாக்கின் அடியில் போய்ப் படியும் வாடை.

மேசையில் துண்டு விரித்து மூன்று கேமராக்களை வைத்திருந்தார். முதல் கேமராவில் கை பிடிக்கும் ரப்பர் இளகிப்போய், கருப்பட்டிப் பாகுபோல் உள்ளங்கையில் ஒட்டியது. இரண்டாவதன் லென்ஸுக்குள் டார்ச் அடித்தபோது, ஓரத்தில் பூஞ்சை வேர்விட்டுப் படர்ந்திருந்தது. ரப்பர் ஈரமாக இருந்த மூன்றாவதில் ஒரு கீறல்கூட இல்லை. அதில் அதுவரை ஒன்பதாயிரம் படம்தான் எடுத்திருந்தார்கள். டிக்சன் எழுதிக் கொடுத்தபடி லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தாள்; ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத சுத்த இருட்டு. ஜன்னல் வழியாக எதிர்ச்சுவரில் நனைந்து உட்கார்ந்திருந்த காக்கையை எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. காக்கை கண் சிமிட்டும்போது குறுக்கே ஓடும் வெண்சவ்வு, பாதிக் கண்ணில் அப்படியே நின்றது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ரப்பரின் ஈரம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"யாரோடது அண்ணாச்சி இது?"

"வாங்கிட்டுப் போறவங்க திரும்பக் கொண்டாந்து குடுத்துருதாங்க. கண்ணுக்கு ஒத்துக்கலையாம்."

அவர் சிரிக்கவில்லை. அவள் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சந்து முனையில் ஸ்கூட்டரை நிறுத்தி, கைக்குட்டையைச் சாக்கடையில் எறிந்தாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் போக முடியும் என்று தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உப்பளத்துக்குப் போனாள். மழை வெறித்து, பாத்திகளில் வானம் கிடந்தது. பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து நடந்தன. அலகிலிருந்து வடியும் சேற்றுத் தண்ணீர்கூடத் துளித்துளியாகப் படத்தில் விழுந்தது. அன்று இரவு பெவினுக்கு அனுப்பினாள். "ஏளா, இது நீ எடுத்ததா?" என்று அவன் கேட்டபோது, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வராத ஒரு பெருமை அவளுக்கு வந்தது.

ஆனால் ரப்பர் காயவே இல்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பத்து நிமிடம் உலர்ந்து கிடக்கும். அப்புறம் பளபளவென்று மினுக்கும். கண்ணை வைத்தால் முதலில் சில்லென்று, பிறகு இளஞ்சூடாக, பிறகு இமையோடு மெல்லப் பொருந்தி, எடுக்கும்போது 'ப்ச்' என்று சின்னச் சத்தத்தோடு விடும். பையின் உள்துணியில் நத்தை ஊர்ந்த தடம்போல வழவழப்பு ஏறியிருந்தது. விரலில் அந்தத் திரிந்த பால் வாடை. சோப்புப் போட்டாள், எலுமிச்சை தேய்த்தாள். சோற்றைப் பிசையும்போது ஆவியோடு மறுபடியும் எழுந்து வந்தது. அவள் கரண்டியால் சாப்பிடப் பழகினாள். படம் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கேமரா வாங்கிய எட்டாம் நாள் வலது கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. தண்ணீரில் கண்ணைத் திறந்து திறந்து கழுவினாள். போகவில்லை.

ஒன்பதாம் நாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது, வட்டத்தின் அடியில் நகப்பிறை அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கண்ணாடித் துண்டை மாற்றினாள். லென்ஸைத் துடைத்தாள். பிறை அங்கேயே இருந்தது. இடது கண்ணை வைத்துப் பார்த்தாள். இல்லை. மறுபடி வலது. இருந்தது.

கண் ஓரத்தில் திரண்டிருந்த பீளையைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, இடது கண்ணால் பார்த்தாள். சீழ் இல்லை. கிருமி இல்லை. கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தகடுகள். வெளிச்சத்தைத் திருப்பியபோது அவை இளஞ்சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி வெளுத்தன. அவள் சீட்டில் எதுவும் எழுதவில்லை. அன்று மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கவும் முடியவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை.

டிக்சனுக்குப் போன் போட்டாள்.

"ரப்பர்லதான் ஏதோ அழுக்கு இருக்குக்கா. கழத்திப் போட்டுருங்க. மேல தள்ளுனா வந்துரும். வேற ஒண்ணு நான் தாரேன்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் கேமராவை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ரப்பரை மேலே தள்ளினாள். நழுவவில்லை. இழுத்தாள். அது விறைப்பாக வரவில்லை. தோல் மாதிரி நீண்டது. ஈறிலிருந்து உதட்டைப் பிரிக்கும்போது வரும் சத்தத்தோடு பிரிந்து வந்தது.

உள்ளே கண்ணாடி இல்லை.

சிப்பியைப் பிளந்தால் ஓட்டின் ஓரத்தில் ஒரு சதை தெரியுமே, விளிம்பு கறுத்து, மடிப்பு மடிப்பாக, ஈரத்தில் நெளிந்துகொண்டு, அது இருந்தது. சின்னச் சதுரத் துளையைச் சுற்றிலும் இருந்தது. விளிம்பில் நூல் நூலாக விரல்கள். டியூப்லைட் வெளிச்சம் பட்டதும் அவை சுருங்கி உள்ளே போயின. மெதுவாக. அவள் என்னவென்று குனிந்தாள். அவள் முகத்தின் நிழல் விழுந்தது.

திரும்பவும் வெளியே வந்தன.

தொட்டியில் வாந்தி எடுத்தாள். அதன்மேல்தான் தினமும் கண்ணை வைத்திருக்கிறாள். ஒட்டி வைத்திருக்கிறாள். கேமராவை மூன்று பாலிதீன் பையில் சுற்றி முடிச்சுப் போட்டு, கொல்லையில் கொண்டுபோய் வைத்தாள். காலையில் பார்த்தபோது பையின் உள்பக்கம் மூச்சுவிட்டதுபோல் ஆவி படிந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் கண் டாக்டரிடம் போனாள். அவர் இமையைப் புரட்டி வெகுநேரம் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். உறுத்தல்தான் இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் இல்ல."

சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. உறுத்தல் நின்றுபோயிருந்தது.

டாக்டர் கருவியின் நுனியால் உள்ளே லேசாகத் தொட்டார். டிக். பீங்கானில் நகம் பட்ட சத்தம். அது காதுக்கு வெளியிலிருந்து வரவில்லை. அவள் மண்டைக்குள் கேட்டது. டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். இன்னொரு தடவை தொடவில்லை.

"சின்னதா ஒரு கட்டி மாதிரி இருக்கு. நாளைக்குக் காலைல தியேட்டர்ல வச்சு எடுத்துருவோம். வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அவள் எழுந்து வரும்போது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தும்போதும் குழாய்ச் சத்தம் நிற்கவில்லை.

கண்ணில் கத்தி படுவதற்கு முன்னால் இது என்னவென்று தெரிந்தாக வேண்டும். பாலிதீன் பொட்டலத்தை எடுத்து ஸ்கூட்டரின் கால்மாட்டில் வைத்துக்கொண்டு நேரே பழைய துறைமுகத்துச் சந்துக்குப் போனாள். நாலு மணிதான். மழை மூட்டத்தில் ஆறு மணிபோல் இருண்டிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது.

"அண்ணாச்சி."

ராஜதுரை வரவில்லை. உள்ளறையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வந்தாள். முந்தானையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து முகத்தின் வலது பாதியை மூடியிருந்தாள்.

"அவுக யாவாரத்துக்குப் போயிருக்காவ. நான் அவுக வீட்டுக்காரி, சண்முகவடிவு." பொட்டலத்தைப் பார்த்தாள். "திருப்பிக் குடுக்க வந்தியா? வை அங்கன."

அனிஷா மேசையில் வைத்தாள். பை மெல்ல உப்பி, அடங்கியது.

"எத்தன நாளாச்சு?"

"பன்னெண்டு."

"உறுத்தல் நின்னுட்டா?"

அனிஷாவின் கை வலது கண்ணுக்குப் போனது. அந்த வாடை இப்போது வீட்டிலிருந்து வருகிறதா, தன்னிடமிருந்தே வருகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை.

"நின்னுட்டுன்னா ஒட்டிக்கிட்டுன்னு அர்த்தம்" என்றாள் சண்முகவடிவு. குரலில் பகை இல்லை. பிரசவம் பார்க்கிறவளின் பொறுமைதான் இருந்தது. "ஆஸ்பத்திரில கத்தி வைக்கேன்னு சொல்லியிருப்பாங்களே. போவாத. எனக்கு வச்சாங்க. கண்ணுதான் போச்சு. அது போவல."

"என்ன அது?" என்றாள் அனிஷா. "எனக்குள்ள என்ன இருக்கு?"

"பாக்கியா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். சண்முகவடிவு அதற்குள் ஜன்னலோரம் நகர்ந்து, வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி, முந்தானையை எடுத்தாள்.

வலது கண் இருந்த இடத்தில் குழி. புண் இல்லை. ரத்தம் இல்லை. பளபளப்பு. சிப்பி ஓட்டின் உட்புறம். இளஞ்சிவப்பு ஓடியது, பச்சை ஓடியது, மழை வெளிச்சம் அதில் வழுக்கி வழுக்கி இறங்கியது. குழியைச் சுற்றி, இமை இருந்திருக்க வேண்டிய விளிம்பில், கறுத்த சதை. மடிப்பு மடிப்பாக. ஈரமாக. குழியின் ஆழத்தில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளையாக ஒன்று.

"இது ஆறாவது முத்து" என்றாள்.

அனிஷா கதவுப் பக்கம் ஓர் அடி பின்னால் வைத்தாள். கால் வந்தது. முகம் வரவில்லை. முகம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

சண்முகவடிவு கிட்டே வந்தாள். அனிஷாவின் தாடையை, குழந்தைக்கு மருந்து கொடுக்கப் பிடிப்பதுபோல, இரண்டு விரலால் பிடித்தாள். வெதுவெதுப்பான விரல்கள். வழவழப்பு.

"நோவாது ளா. கண்ணத் தேய்க்க மட்டும் செய்யாத."

குழியைச் சுற்றியிருந்த சதை அசைந்தது. நூல் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவளை நோக்கி நீண்டன.

பார்க்கக் கூடாது. அனிஷா இரண்டு கண்ணையும் இறுக மூடினாள்.

இடது இமை மூடியது.

வலது இமை மூடவில்லை. அதன் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று, மடிப்பு மடிப்பாக, ஈரமாக, இமையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. கன்னத்தின் ஓரத்தில் காற்றைத் துழாவியது. எதிரே நீண்டு வந்ததைத் தொட்டது.

பற்றிக்கொண்டது.