இன்மை அறிக்கை

கூட்டத்தொடர் இல்லாத நாட்களில் சட்டமன்றக் கட்டடம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரிதான் இருக்கும். நாற்காலிகளைத் தவிர ஆளே இருக்காது. அப்படி ஒரு பகல் இரண்டு மணிக்கு, கையில் சாவிக்கொத்தோடு கீழ்த்தளத்து ஆவண அறைக்கு இறங்கினார் பதிவு எழுத்தர். இருபத்திரண்டு வருஷமாக ஏறி இறங்கிய படிகள். அன்றைக்கு என்னவோ கைப்பிடியை விடவே மனசு வரவில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘சைபர் சார்’, அதாவது பூஜ்ய சார். சும்மா வந்த பெயரல்ல. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாத் துறைகளும் தங்கள் அறிக்கையைப் பேரவைக்கு அனுப்ப வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்படும். ஏதாவது ஒரு துறை அனுப்பாவிட்டால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அமைச்சர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்கு நம்மவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். வராத அறிக்கைக்குப் பதிலாக அவரே ஓர் இன்மை அறிக்கையைத் தட்டச்சு செய்து சேர்த்துவிடுவார். ‘குறிப்பிடும்படி ஏதுமில்லை. நிலைமை சீராக உள்ளது.’ இரண்டே வரி. யாருக்கும் தலைவலி இல்லை. தன் பட்டியலில் ஓட்டை விழுந்ததே இல்லை என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வார்.

போன வருஷம் அறிக்கைக்கான கடைசி நாள், மணி ஐந்து ஐந்துக்கு, பாலக் கண்காணிப்பாளர் மூச்சிரைக்க வந்து நின்றார். ஒல்லி மனிதர். ஆணிகளைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல் எப்போதும் சட்டைப் பையிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருக்கும்.

“பஸ் கிடைக்கல சார், நடந்தே வந்தேன். தொங்குபாலம் ரொம்ப மோசமா இருக்கு. நல்ல ஆணியைத் தட்டினா கணீர்னு பதில் சொல்லும். இப்போ பாதி ஆணி மொத்து மொத்துங்குது. உடனே மூடணும். பேரவை உத்தரவு இல்லாம நான் மூட முடியாது.”

“பட்டியல் மூடியாச்சே. உங்க துறைக்கு அறிக்கை போட்டாச்சு.”

“நான் எழுதாத அறிக்கையா?”

சைபர் சாருக்கு எரிச்சல். சேர்ப்பதென்றால் இரண்டு பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். அன்று பார்த்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். “வெச்சுட்டுப் போங்க சார், அடுத்த கூட்டத்துல சேர்த்துடறேன்” என்றார். அடுத்த கூட்டத்துக்கு ஆறு மாதம் இருந்தது. உறையைக் கீழ்த்தளத்து அலமாரியில் பழைய கட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டு, நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

இருபத்து மூன்றாம் நாள் பாலம் அறுந்தது. பதினான்கு பேர் போனார்கள். போகாதீர்கள் என்று கையை விரித்து மறித்தும் கேளாமல் போனவர்களை இழுத்து வர, பின்னாலேயே ஓடிய கண்காணிப்பாளர் பதினைந்தாவது ஆள்.

இப்போது பழி அவர் தலையில். ‘எச்சரிக்கை செய்யவில்லை, கடமை தவறினார்’ என்று எழுதி முடிக்க விசாரணைக் குழு தயாராக இருந்தது. இன்று மூன்று மணிக்கு சைபர் சாரின் சாட்சியம் மட்டும்தான் பாக்கி.

“வரலைன்னு ஒரே வார்த்தை, அவ்வளவுதான் சார்” என்று காலையில் பேரவைச் செயலர் சொல்லியிருந்தார். “அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே. உங்களுக்கு ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கு. எதுக்கு வம்பு?”

உறையை எடுத்து ஒழித்துவிட வேண்டும் என்றுதான் சைபர் சார் இறங்கினார். வெட்கமாக இருந்தது. இருந்தும் இறங்கினார்.

கீழே ஒற்றை விளக்கு. பழைய காகித வாசனைக்கு நடுவே ஈரத் துரு வாசனை. இந்த அறையில் துருப்பிடிக்க இரும்பலமாரிகள் உண்டு. ஈரத்துக்குத்தான் வழியே இல்லை. அவர் குனிந்து கட்டுகளை விலக்கி, உறையை இழுத்தார்.

கணீர்.

கடைக்கோடி அலமாரியில் யாரோ தட்டினார்கள்.

“யாரு?” என்றார்.

கணீர். அடுத்த அலமாரி. கணீர். அதற்கு அடுத்தது. அவசரமே இல்லாமல், ஒன்றைக்கூட விடாமல், வரிசையாக.

காலடியில் சிமெண்டுத் தரை மெல்ல ஆடியது. இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, ஆள் ஏறிய தொங்குபாலம் போல. சைபர் சார் அலமாரியைக் கட்டிக்கொண்டார். அவர் கட்டிக்கொண்ட அலமாரியும் கணீர் என்றது.

பிறகு அமைதி.

பிறகு, அவருடைய நெஞ்செலும்பில், சில்லென்று ஒரு தட்டு.

மொத்.

எப்படி மேலே வந்தார் என்று அவருக்கே தெரியாது. உறை மட்டும் சட்டைக்குள், பனியனோடு ஒட்டிக் கிடந்தது. ஒழிக்க நேரமில்லை.

விசாரணை அறையில் நீள மேசை. சாட்சிக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் காலியாக இன்னொன்று. கடைசி வரிசையில் கண்காணிப்பாளரின் மனைவி மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. சைபர் சாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாலத்தைப் பற்றி அறிக்கை ஏதாவது வந்ததா?” என்றார் குழுத் தலைவர்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடைய நெஞ்சு வலித்தது, தட்டு விழுந்த அதே இடத்தில். மகளை நினைத்தார், எட்டு மாதத்தை நினைத்தார்.

“வரலைங்க.”

அந்த அம்மா மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். ஊரெல்லாம் தன் புருஷனைச் சொன்னது நிஜம்தானோ என்று அந்த நொடியில் அவரும் நம்பிவிட்டார். சைபர் சாருக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நாலரை மணிக்கு அவர் அறைக்கதவைத் தட்டிக்கொண்டு சுருக்கெழுத்துப் பெண் வந்தாள். அன்றைக்குத்தான் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள். யாரையும் தெரியாது. காதில் விழுந்ததை ஒரு சொல் விடாமல் எழுதுவது அவள் வேலை.

“சாட்சியம் தட்டச்சு பண்ணிட்டேன் சார். படிச்சுப் பாத்து, திருத்தம் இருந்தா போட்டு, கையெழுத்து போடுங்க. ஒரே ஒரு சந்தேகம். இவர் பேரைக் கேட்க மறந்துட்டேன்.”

அவள் விரல் வைத்த இடத்தில் இருந்தது:

தலைவர்: அறிக்கை ஏதாவது வந்ததா?

பதிவு எழுத்தர்: வரலைங்க.

மற்றொருவர்: வந்தது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நானே இவர் கையில் கொடுத்தேன்.

“இது... யாரும்மா சொன்னது?”

“உங்க பக்கத்து நாற்காலியில இருந்தாரே சார், ஒல்லியா. மெதுவாத்தான் பேசினார், எனக்குக் கேட்டுது. பேசினவங்க அவங்கவங்க வார்த்தைக்கு எதிர்ல கையெழுத்து போடணுமே. அவர் போட்டுட்டார். நீங்கதான் பாக்கி.”

ஓரத்தில் நீல மசியில் அந்தக் கையெழுத்து. வருஷா வருஷம் அறிக்கைகளின் அடியில் அவர் பார்த்துப் பழகிய அதே கோணல் சுழி. மசி இன்னும் காயவில்லை.

“அவர் எங்கே?”

அவள் அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தாள். “என்ன சார் நீங்க! பின்னாடிதானே நிக்கிறார்.”

சைபர் சார் திரும்பவில்லை. பின்கழுத்தில் ஈரத் துரு வாசனை மூச்சாக வந்து போனது. பயத்தைவிட அவமானம்தான் அதிகமாகச் சுட்டது. ஓர் ஐந்து நிமிடத்துக்காக, இரண்டு பக்கத் தட்டச்சுக்காக, பதினைந்து பேர். பிறகு ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாவின் குனிந்த தலை.

சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தார். ‘வரலைங்க’ என்பதைக் கோடு போட்டு அடித்தார். அதன் மேல் எழுதினார்: ‘வந்தது. நான்தான் மறைத்தேன்.’ கையெழுத்துப் போட்டார்.

“இந்த உறையையும் சேர்த்துக் குழுவுக்குக் கொடும்மா. அதுக்கு முன்னாடி, கடைசி வரிசையில இருந்தாங்களே ஓர் அம்மா, அவங்ககிட்ட காட்டு. வெளியிலதான் இருப்பாங்க.”

“சரி சார்.”

அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டு போய், கதவைத் திறந்து பிடித்தபடி திரும்பினாள்.

“நீங்க வரலையா சார்?”

கேட்டது சைபர் சாரைப் பார்த்தல்ல, அவருக்குப் பின்னால் பார்த்து. பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தலையாட்டினாள்.

“சரி, நீங்க இருங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.