சூடேறாத தகரம்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே கால். கல்முனைக் கடைத்தெருவில் கடைகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். முனாப் தன் புடைவைக் கடையின் கடைசிப் பலகையைச் சொருகிவிட்டுத் திரும்பியபோது, பக்கத்துத் தகர மறைப்பில் கை பட்டது. வெயில் கொளுத்தியது. சுட்டிருக்க வேண்டும். தகரம் குளிர்ந்து கிடந்தது.

கையைப் பார்த்தான். ஈரம்.

போன வருடம், எழுபத்தெட்டின் சூறாவளி பக்கத்துக் கடைகள் நாலையும் வாரிக்கொண்டு போயிருந்தது. இப்போதுதான் திருப்பிக் கட்டுகிறார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் தலையில் கல் விழாதிருக்கக் கம்பு நட்டுச் சுற்றிவரத் தகரம் அடித்திருந்தார்கள். புதுத் தகரம் அல்ல. காற்று அள்ளிவந்து வயலிலும் கடற்கரையிலும் எறிந்தவை. பள்ளிவாசல் வளவில் மாதக்கணக்காக அடுக்கிவைத்து, அடையாளம் சொல்லி எடுத்துப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டும் ஆள் வராதவை. முனாப்பும் போகவில்லை.

மேசன் அழகரெத்தினம் சோற்றுப் பொட்டலத்தோடு உள்ளேயிருந்து வந்தார்.

"என்ன முதலாளி, ஜும்மாவுக்குப் போகல்லியா? பிந்தினா முத்தத்து வெயிலுக்குள்ளதான் இடம்."

"போறன். உள்ளுக்கு ஆரும் இரிக்கா?"

"ஒருத்தருமில்ல. உங்கட ஆக்கள் எல்லாம் பள்ளிக்குப் போயிட்டாங்க. இந்தக் கதவ ஒருக்காக் கட்டி விடுங்க, என்ட கையெல்லாம் சீமெந்து. மாடு பூந்திரும்."

"கதவு எங்க எடுத்த?"

"பள்ளித் தகரத்துக்குள்ளதான் கிடந்த. பிணைச்சலும் இரிக்கு, கம்பி கோக்க ஓட்டையும் இரிக்கு. எவனோ கெட்டிக்காரன் செஞ்சிரிக்கான்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆணியால் அடித்த இரண்டு ஓட்டைகள். கீழ் ஓட்டை சற்றுக் கோணல். அவன் வீட்டுக் கதவு. அதை அடிக்கும்போது மனைவி நாச்சியாதான் விளக்குப் பிடித்தாள்.

காற்று ஏறிய அந்த இரவு கடையைப் பார்க்க ஓடியவன், அவள் உள்ளே இருக்க, கதவு பறந்துவிடாதிருக்க வெளியிலிருந்து கம்பி கோத்து முறுக்கிவிட்டுப் போனான். அரை மணியில் வந்துவிடலாம் என்று. ஊருக்குச் சொன்னது வேறு. கூப்பிட்டேன், அவள்தான் வரமாட்டேன் என்றாள். வீடு போன இடம் தெரியவில்லை, அடக்க அவள் மையித்தும் கிடைக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் தொடங்கியது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கட்டாமல் போய்விடலாம். ஆனால் விரல்கள் கம்பியைக் கோத்துவிட்டிருந்தன. இடப்பக்க முறுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. அவற்றுக்கு வழி தெரிந்திருந்தது.

உள்ளே மழை தொடங்கியது.

மறைப்புக்குக் கூரை கிடையாது, மேலே வானம் மேகமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் கூரைத் தகரத்தில் கல்லெறிவதுபோல் மழை அடிக்கும் ஓசையும், அதன் அடியில் கம்புகளைப் பிடுங்கும் காற்றின் ஊளையும் கேட்டன. அணைந்த மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் நனைந்த பாயும் உப்புச் சேறும் சேர்ந்த மணம் ஆணி இடுக்குகளால் வெளியே கசிந்தது. கதவின் கீழால் தண்ணீர் வந்தது. கறுப்பு. செருப்பைத் தொட்டது.

அவிழ்க்கப் பார்த்தான். கம்பி இறுகியது. நாலாவது சுற்று. ஐந்தாவது. அவன் விரல் அதற்குள்.

கத்தினான். குத்பாவின் சத்தம் அதை விழுங்கியது.

தகரத்தின் மறுபக்கம் ஒரு கை. ஐந்து விரல்களும் புடைத்துத் தெரிந்தன. மெல்ல ஊர்ந்தன. தேடின. கோணல் ஓட்டையில் நின்றன. வெளுத்து ஊறிய ஒரு விரல்நுனி வெளியே வந்து, கம்பிக்குள் அகப்பட்ட அவன் விரலைத் தடவியது. குளிர்.

"மச்சான்," என்றாள் நாச்சியா. குரலில் கோபமில்லை. "கடைக்கு ஒண்டும் ஆகல்லியே?"