ஒரு சைஸ் பெரிய வெட்சூட்

கதவைத் திறந்ததும் வெயிலும் அவளும் ஒன்றாகவே கடைக்குள் நுழைந்தார்கள். குளிர்காலம் முடிந்து முதன்முதலாக நன்றாகக் காய்ந்த வெயில். அவள் கண்களிலும் அதே வெளிச்சம்... அலைச்சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தவனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சர்ஃபிங் பண்ண வெட்சூட் வேணும். எதிர்த் தெருவுல புதுசா வந்திருக்கிற பல் டாக்டர் நான்தான்."

கடை அவன் அக்காவுடையது. விற்பனை அவன் பொறுப்பு. குளிர் தாங்க உடம்போடு ஒட்டுகிற தடிமனான ரப்பர் சூட் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். திரைக்குப் பின்னால் முனகல், ஒரு 'தொப்', அப்புறம் எட்டிப் பார்த்த சிவந்த முகம்.

"உறைக்குள்ள திணிச்ச தலையணை மாதிரி இருக்கேன். இந்த வெயிலுக்கு எதுக்குங்க இவ்வளவு தடிமன்?"

"வெயில் மேலதாங்க. கடல் இன்னும் குளிர்காலத்துலதான் இருக்கு. அது சூடாகறதும் லேட்டு, ஆறறதும் லேட்டு. கோடை முடியறப்போதான் தண்ணி இதமா இருக்கும். சூட்டும் இறுக்கமா இருக்கணும். உள்ள போற கொஞ்சத் தண்ணி உடம்புச் சூட்டுல வெதுவெதுப்பாகி அங்கேயே நிக்கும். லூஸா இருந்தா..."

முடிப்பதற்குள் திரை மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது அவள் மேல் மெல்லிய சூட் ஒன்று, அதுவும் ஒரு சைஸ் பெரிதாக.

"இது சரியா இருக்கா?" என்று சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. பாவம், அவனும் அதிலேயே விழுந்தான்.

'இல்லைன்னு சொல்லுடா...' என்று மனசு அடித்துக்கொண்டது.

"ச... சரியா இருக்குங்க."

மறுநாள் மதியம், சொட்டச் சொட்ட நனைந்த சூட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். உதட்டில் இன்னும் நிறம் திரும்பவில்லை.

"ஒவ்வொரு அலைக்கும் புதுசா ஐஸ் தண்ணி உள்ள வருது. விரல் மரத்துப்போய் காலைல வந்த பேஷண்ட் எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டேன். இது லூஸுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

காரணம் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் அக்கா நிற்கிறாளே... வீம்பு முந்திக்கொண்டது. "நீங்கதானே அதை எடுத்துப் போட்டுக்கிட்டீங்க?"

அவள் சூட்டை மேசைமேல் வைத்தாள். "இனிமே இந்தக் கடைப் பக்கம் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு நடுக்கடல்ல கை கால் விறைச்சிருந்தா என்னடா பண்ணியிருப்ப?" என்றாள் அக்கா. அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சரியான சூட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பல் வலி என்று சொல்லி அவள் கிளினிக்கில் போய் உட்கார்ந்தான். முறை வந்ததும் நாற்காலியில் சாய்த்தாள். முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும்... இப்போது வலிப்பது பல் இல்லை என்பது நிச்சயம்.

"வாயைத் திறங்க."

திறந்தான். சின்னக் கண்ணாடி உள்ளே போனது.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாக்குதான் சரியில்ல. பொய் சொல்லுது."

"ஆ..."

"பேசக்கூடாது." சாவகாசமாக ஒவ்வொரு பல்லாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை எடுத்தாள். "ம், இப்போ சொல்லுங்க. ஏன் சொல்லல?"

"சரியில்லைன்னு சொன்னா அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு பயந்துட்டேன். தப்புதான். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா..." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. இனிமே நீங்க கோவிச்சுக்கிட்டாலும் உண்மையைத்தான் சொல்வேன். பையில சரியான சூட் இருக்கு. தலையணை மாதிரிதான் இருப்பீங்க. ஆனா குளிராது."

முகமூடியைக் கழற்றியவள் அவனைப் பார்க்காமல் கருவிகளை அடுக்கத் தொடங்கினாள். காது மடல் சிவந்திருந்தது.

"அது லூஸுன்னு எனக்கே தெரிஞ்சுது. கடைக் கண்ணாடியில பார்த்தேனே, கை மடிஞ்சு மடிஞ்சு தொங்குச்சு."

"அப்புறம் ஏங்க வாங்கினீங்க?"

"நீங்க சரியா இருக்குன்னு சொன்னீங்க. கண்ணாடியை விட்டுட்டு உங்களை நம்பினேன்..." அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள். "ஏன்னு கேக்காதீங்க. உங்களுக்கு இருக்கிற அதே வியாதிதான் எனக்கும்."